வழுக்கும் தண்டவாளத்தில் ரயிலை நிறுத்துதல்: கணினியில் செய்து பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வடக்குப் பாதையில் 1990 இல் நின்றுபோன ரயில், 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பி வந்தது. அதற்குப் பின் வளர்ந்த வன்னிப் பிள்ளைகளிடம், இவ்வளவு பாரமான வண்டியை எப்படி நிறுத்துகிறார்கள் என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிப்பவர்கள், கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிப்பவர்கள், பைதன் நிரல்மொழி பழகும் தம்பி தங்கைகள் எல்லாரும் கேட்பவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலான குழப்பம் ஓரிடத்தில்தான் தொடங்குகிறது. ஈரம் என்றதும் உராய்வுக் குணகத்துக்கு (சில்லின் மேலுள்ள பாரத்தில் எத்தனை பங்கு பிடிமான விசையாகக் கிடைக்கும் என்ற எண்) ஒரு சின்ன எண்ணைப் போட்டுக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம் என்பதைத்தான் கீழே பல விதமாகச் சொல்லியிருக்கிறேன்.

உராய்வுக் குணகம் தெரிந்தால் நிற்கும் தூரம் வந்துவிடுமே, பிறகு எதற்குச் சிமுலேஷன்?

பரீட்சைக் கணக்காகச் செய்து பாருங்கள். வேகம் மணிக்கு 100 கி.மீ., அதாவது செக்கனுக்கு 27.8 மீற்றர். உருக்கின் மேல் உருக்கு, குணகம் 0.3. வேகத்தின் வர்க்கத்தை, குணகத்தினதும் புவியீர்ப்பினதும் இரட்டைப் பெருக்கத்தால் வகுத்தால் 131 மீற்றர் வரும். அந்தத் தூரத்தில் எந்தப் பயணிகள் ரயிலும் நிற்காது. தண்டவாளம் தரக்கூடிய பிடிமானம் முழுவதையும் பிறேக் கேட்பதில்லை. அப்படிக் கேட்டால் நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லாரும் விழுந்துவிடுவார்கள்.

பிறேக் கேட்கும் அமர்முடுகல், அதாவது வேகம் குறையும் வீதம், செக்கனுக்குச் செக்கன் 0.7 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நிற்க 551 மீற்றர் வேண்டும். சாரதி கைபிடியைத் திருப்பியதிலிருந்து பிறேக் முழுதாகப் பிடிக்கும்வரை போகும் நேரத்தை 3 செக்கன் வீணானதாகக் கணக்கிட்டால் இன்னும் 83 மீற்றர். மொத்தம் 634. இந்த 0.7 ஐப் புவியீர்ப்பால் வகுத்துப் பாருங்கள், 0.07 வருகிறது. பிறேக்குக்குத் தேவையான பிடிமானம் அவ்வளவுதான். இந்த எண்ணைக் கொப்பியில் பெரிதாக எழுதி வையுங்கள், மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான் வரும்.

அப்படியானால் மழை பெய்தால் ரயில் நிற்கும் தூரம் கூடாதா?

பெரும்பாலும் கூடாது. உலர்ந்த தண்டவாளத்தில் பிடிமானக் குணகம் 0.25 முதல் 0.35 வரை இருக்கும், சில வேளை அதற்கும் மேல். நல்ல மழை கழுவிய ஈரத் தண்டவாளத்தில் 0.15 முதல் 0.2 வரை. நமக்குத் தேவை 0.07 தானே, ஆகவே ரயில் அதே இடத்தில்தான் நிற்கும்.

குணகம் அந்த 0.07 இற்குக் கீழே இறங்கும் இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. அழுக்குப் படலம் பிடித்த தண்டவாளத்தில் 0.05, 0.03, மோசமான நேரத்தில் 0.02 கூட வரும். 0.03 இல் மேலே சொன்ன அதே ரயிலுக்கு 1,400 மீற்றர் அளவு வேண்டும்.

இங்கே எல்லாச் சில்லுக்கும் பிறேக் உண்டு என்று எடுத்திருக்கிறோம். சில பெட்டிகளில் பிறேக் வெட்டப்பட்டு, வண்டியின் நிறையில் 60 சதவீதம் மட்டும் பிறேக்குள்ள சில்லுகளில் இருந்தால், அதே அமர்முடுகலை எடுக்க அந்தச் சில்லுகளுக்கு 0.12 பிடிமானம் வேண்டும். பெட்டிக்குப் பெட்டி தனி எண் வையுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

தூறல் கொட்டும் மழையைவிட மோசம் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். பலர் சிமுலேஷனில் பிழைவிடுவதும் இதில்தான்: மழையின் அளவு கூடக் கூடக் குணகத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

சில்லும் தண்டவாளமும் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர சென்ரிமீற்றர். சிறுவிரல் நகமளவு இடத்தில் பல தொன் பாரம் இறங்குகிறது. தண்டவாளத்தின் தலையில் எப்போதும் மெல்லிய துரு இருக்கும், அதோடு புழுதியும் எண்ணெய்த் துளியும் சேரும். காய்ந்திருக்கும்போது இவை பெரிதாகத் தொந்தரவு தருவதில்லை. நிறையத் தண்ணீர் விழுந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். கொஞ்சமாய் ஈரம் பட்டால் மட்டும் துருத் தூளும் புழுதியும் குழைந்து, அந்த நகமளவு இடத்தில் பசைப் படலமாகிவிடும். அந்தப் படலத்தை மிதித்துத்தான் சில்லு வழுக்குகிறது.

இதை வன்னிக் காலநிலையோடு பொருத்திப் பாருங்கள். ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடித்து எல்லாவற்றிலும் புழுதி ஏறியிருக்கும். ஐப்பசியில் முதல் தூறல் விழும் அரை மணி நேரம், மார்கழி தையில் பனி இறங்கிய அதிகாலை, ஆனையிறவுப் பக்கம் உப்புக் காற்றோடு வரும் ஈரம் ஆகிய மூன்றும் உங்கள் மாதிரியில் கார்த்திகை அடைமழையைவிடக் கீழான எண்ணைப் பெற வேண்டும். ஈரத்தை மூன்று நிலையாகவாவது பிரியுங்கள்: காய்ந்தது, பனி அல்லது தூறல், கழுவும் மழை. நடுவிலுள்ளதுதான் பள்ளம்.

வெளிநாட்டுக் கட்டுரைகள் முழுக்க இலையைப் பற்றியே இருக்கின்றன. இங்கே அதை எப்படி எடுப்பது?

பிரித்தானியாவில் இலையுதிர்காலத்தில் விழும் இலைகளைச் சில்லுகள் நசுக்கி, தண்டவாளத்தில் கறுப்பு நிறமான கெட்டிப் படலமாக்கிவிடுகின்றன. அதில் தூறல் பட்டால் பிடிமானம் இல்லாமலே போகும். 2010 நவம்பர் 8 அன்று அங்கே ஸ்ரோன்கேற் என்ற நிலையத்தில் நிற்க வேண்டிய ரயில், பிறேக் போட்ட பின்னும் ஏறத்தாழ 5 கி.மீ. ஓடித்தான் நின்றது. பிடிமானத்துக்காகச் சில்லின் முன் மணல் விடும் முன்பக்கப் பெட்டியில் மணல் இல்லாமற் போனது அதற்குப் பெரிய காரணம். 2021 ஒக்டோபர் 31 அன்று சோல்ஸ்பரியில் ஒரு ரயில் சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் இன்னொன்றோடு மோதியதற்கும் இலைப் படலமும் சற்று முன் பெய்த தூறலும் காரணமாயின.

அந்த எண்களை இங்கே அப்படியே இறக்க வேண்டாம். எங்கள் பக்கத்துப் பாலையும் வீரையும் ஒரே மாதத்தில் மொட்டையாகும் மரங்களல்ல. வன்னியில் நான் முதலில் பார்க்கச் சொல்வது வீதி தண்டவாளத்தைக் கடக்கும் கடவைகளை. விதைப்புக் காலத்தில் வயலால் ஏறிவரும் லாண்ட்மாஸ்டரின் (இருசில்லு உழவு இயந்திரம்) சில்லு, தண்டவாளத் தலையில் களிமண்ணை அப்பிவிட்டுப் போகும். அடுத்து வரும் ரயில் அதைப் பல மீற்றர் தூரம் இழுத்துப் பூசும். படலத்தை உண்டாக்கும் பொருள் வேறானாலும் கணக்கு ஒன்றுதான்: பாதையை 10 மீற்றர் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் குணகம் கொடுங்கள். கடவைக்கு இரு பக்கமும் சில துண்டுகள் தாழ்ந்திருக்கட்டும்.

சில்லு இறுகிச் சறுக்குவதை எப்படிக் காட்டுவது?

வண்டிக்கு ஒரு வேகமும் சில்லுக்குத் தனிக் கோண வேகமும் வைக்க வேண்டும். பரீட்சைக் கணக்கில் இல்லாத பகுதி இதுதான். சில்லின் மேல் இரண்டு திருப்பங்கள், அதாவது சுழற்றும் விசைகள், உண்டு: பிறேக் அதை நிறுத்தப் பார்க்கிறது, தண்டவாளம் உருட்டப் பார்க்கிறது. இரண்டினதும் வித்தியாசத்தைச் சடத்துவத் திருப்பத்தால் (சுழற்சி மாறுவதற்குச் சில்லு காட்டும் எதிர்ப்பு) வகுத்தால் கோண அமர்முடுகல்.

எண் போட்டுப் பார்ப்போம். ஓர் அச்சின் மேல் 10 தொன், சில்லின் ஆரை 0.45 மீற்றர், அச்சோடு சேர்ந்த சடத்துவத் திருப்பம் 100 கிலோகிராம் சதுர மீற்றர் என்று எடுங்கள். பிறேக் கேட்பது 7 கிலோநியூற்றன். தண்டவாளம் 0.03 இல் தருவது 2.9 கிலோநியூற்றன் மட்டும். மிச்சம் 4.1 கிலோநியூற்றனும் சில்லைத்தான் நிறுத்தப் போகிறது. கணக்கைத் தொடர்ந்தால் 100 கி.மீ. வேகத்தில் சுழன்ற சில்லு மூன்றரைச் செக்கனுக்குள் சுழலாமல் நின்றுவிடும். வண்டியோ அந்த நேரத்தில் மணிக்கு 4 கி.மீ. கூடக் குறையாமல் போய்க்கொண்டிருக்கும்.

இறுகிய சில்லு இழுபட்ட இடம் தட்டையாகும். உராய்வால் அந்த இடத்து உருக்கு சூடேறி, சட்டென்று ஆறிக் கடினமாகி, பிறகு செதில் செதிலாக உடையும். அப்படித் தட்டையான சில்லுள்ள பெட்டியில் ஏறியவர்களுக்குச் சத்தம் தெரிந்திருக்கும், சீராக "டக் டக் டக்" என்று அடிக்கும். இந்தச் சில்லின் சுற்றளவு 2.8 மீற்றர், ஆகவே மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் செக்கனுக்கு மூன்று நான்கு அடி. வேகம் கூடினால் அடியும் நெருங்கும். மாங்குளத்தை விட்டு வெளிக்கிட்டு வேகமெடுக்கும் நேரம் காது கொடுத்தால் எண்ணிப் பார்க்கலாம்.

சறுக்கலுக்கு எந்தச் சமன்பாட்டை எடுப்பது?

முதலில் சறுக்கல் வீதம். வண்டியின் வேகத்திலிருந்து சில்லின் விளிம்பு வேகத்தைக் கழித்து, வண்டியின் வேகத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். பிடிமானம் வேண்டுமென்றால் கொஞ்சம் சறுக்கல் இருந்தே ஆக வேண்டும். காய்ந்த தண்டவாளத்தில் ஓரிரு சதவீதச் சறுக்கலில் பிடிமானம் உச்சத்துக்குப் போய்ப் பிறகு இறங்கும். இதை வரைபாகப் போட்டால் அழுக்குத் தண்டவாளத்தில் உச்சம் தாழ்ந்தும், வலப்பக்கம் தள்ளியும், பரந்தும் இருக்கும்.

சறுக்கலிலிருந்து பிடிமான விசையைக் கணக்கிடும் கல்கரின் ஃபாஸ்ட்சிம் முறை 1982 இலிருந்து புழக்கத்தில் உண்டு. பழகுபவர்களுக்குப் பொலாக் 2005 இல் வெளியிட்ட முறை இலகு. அதில் சறுக்கும் வேகம் கூடக் கூட உராய்வு அடுக்குக்குறி வடிவில் தேயும். காய்ந்த தண்டவாளத்துக்கு அவர் தந்த தொடக்க உராய்வு 0.55, ஈரத்துக்கு 0.30. தேயும் எல்லை இரண்டுக்கும் அதில் 0.4 பங்கு. தேயும் வேகத்தைக் குறிக்கும் எண் காய்ந்ததற்கு 0.6, ஈரத்துக்கு 0.2. ஈரத்துக்கு 0.30 என்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது லோக்கோக்களின் (ரயில் எஞ்சின்களின்) இழுவைச் சோதனைகளோடு பொருத்திய எண். பசைப் படலத்துக்கு நீங்களே தாழ்த்திப் போட வேண்டும்.

என் நிரலில் சில்லின் வேகம் மேலும் கீழும் பாய்ந்து வெடித்துவிடுகிறது. ஏன்?

நேரப் படி பெரிது. சறுக்கல் கொஞ்சம் மாறினாலே விசை பெரிதாக மாறும், அதனால் 0.1 செக்கன் படியில் சில்லு ஒவ்வொரு தடவையும் இலக்கைத் தாண்டிக் குதிக்கும். 0.001 செக்கன் வையுங்கள். இன்னொன்று, சறுக்கல் வீதத்தில் வண்டியின் வேகம் கீழே இருக்கிறது. வண்டி நிற்கப் போகும் நேரத்தில் பூச்சியத்தால் வகுப்பது போலாகிவிடும். வகுக்கும் வேகம் செக்கனுக்கு 1 மீற்றருக்குக் கீழே போகாதபடி தடுத்துவிடுங்கள். கடைசி ஓரிரு மீற்றரில் சின்னப் பிசகு வரும், பாதகமில்லை.

வழுக்கும் துண்டு நிலையத்துக்குக் கிட்டவா தூரத்திலா என்பதில் வித்தியாசம் உண்டா?

இது எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, நிரல் சரியா என்று பார்க்கவும் உதவும். 400 மீற்றர் நீளத் துண்டில் குணகம் 0.03, மற்ற இடமெல்லாம் 0.7 அமர்முடுகல் கிடைக்கிறது என்று வையுங்கள். பிறேக் பிடித்தவுடனேயே அந்தத் துண்டு வந்தால் வண்டி மொத்தம் 783 மீற்றரில் நிற்கும், அதாவது நிற்க வேண்டிய இடத்திலிருந்து 232 மீற்றர் தள்ளி. அதே துண்டை நிலையத்துக்கு முந்திய 400 மீற்றரில் வைத்தாலும் 783 தான் வரும். தூரத்துக்குத் தூரம் குறைவது வேகத்தின் வர்க்கம், அதனால் துண்டை எங்கே வைத்தாலும் வேலையின் கூட்டுத்தொகை ஒன்றுதான். சறுக்கல் வளைவு சேர்க்காத எளிய நிரலில் இரண்டு விடையும் வித்தியாசப்பட்டால் நிரலில் பிழை இருக்கிறது.

சாரதிக்கு மட்டும் இரண்டும் ஒன்றல்ல. துண்டு முதலில் வந்தால் வண்டி பிடிக்கவில்லை என்பது அவருக்குத் தொடக்கத்திலேயே தெரியும், கடும் பிறேக் போடவும் மணல் விடவும் நேரமுண்டு. கடைசியில் வந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று நம்பிக்கொண்டு வந்து, மேடையின் முன் நிற்க முடியாமல் மணிக்கு 65 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருப்பார். நிற்கும் தூரத்தை மட்டும் அச்சிடாமல், ஒவ்வொரு 50 மீற்றரிலும் வேகத்தை அச்சிடுங்கள்.

முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் ஒரே குணகம் போடலாமா?

போடக் கூடாது. முதல் அச்சு படலத்தைக் கிழித்துக்கொண்டு போகும், அடுத்தடுத்த அச்சுகளுக்குத் தண்டவாளம் கொஞ்சம் கொஞ்சமாகத் துப்புரவாகும். சில்லைச் சறுக்கவிட்டுப் பிடிக்கும் தடுப்புக் கருவி உள்ள வண்டிகளில் இது இன்னும் கூடும், ஏனெனில் அளவோடு சறுக்கும் சில்லு தண்டவாளத்தைத் தேய்த்துக்கொடுக்கிறது. நீண்ட ரயில் வழுக்கலில் குட்டை ரயிலைவிட நன்றாகப் பிடிப்பது இதனால்தான். இரண்டு பெட்டியோடு ஓடும் ரயில்பஸ்ஸுக்கு இந்த உதவி கிடையாது.

வெற்றிட பிறேக்குக்கும் காற்று பிறேக்குக்கும் சிமுலேஷனில் என்ன மாற்ற வேண்டும்?

இலங்கையில் லோக்கோ இழுக்கும் பெட்டிகளில் நெடுங்காலம் வெற்றிட பிறேக் (குழாயில் வெற்றிடம் இருக்கும்வரை விட்டிருக்கும், காற்றை உள்ளே விட்டால் பிடிக்கும்). பின்னாளில் வந்த பவர்செட்டுகளில் (எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொகுதியான ரயில்கள்) அழுத்தக் காற்று. வெற்றிடத்தில் கிடைக்கும் அழுத்த வித்தியாசம் பிரித்தானிய மரபுப்படி 21 அங்குலப் பாதரசம், வளிமண்டலத்தில் ஏறத்தாழ 0.7 பங்கு. அதற்கு மேல் இல்லை. காற்றில் சிலிண்டருக்கு அதன் பல மடங்கு கொடுக்கலாம். பிறேக் போட்ட செய்தி குழாயில் பின் பெட்டிவரை போவதும் காற்றில் விரைவு, செக்கனுக்கு 250 மீற்றர் அளவு. வெற்றிடத்தில் மெதுவு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித் தாமதம் வையுங்கள்.

வார்ப்பிரும்புக் கட்டை சில்லின் முகத்தில் அழுத்தும் பெட்டிகளில் இன்னொரு குணம் உண்டு. வேகம் குறையக் குறையக் கட்டையின் உராய்வு கூடும், ஆகவே மேடைக்குக் கிட்ட வரும்போதுதான் சில்லு இறுகப் பார்க்கும். அனுபவமுள்ள சாரதி அந்த இடத்தில் பிறேக்கைத் தளர்த்திக் கொடுப்பார். அதே கட்டை சில்லின் முகத்தைச் சுரண்டித் துப்புரவாகவும் வைத்திருக்கும். டிஸ்க் பிறேக்கில் அந்த நன்மை இல்லை.

மணல்?

சில்லுக்கு முன்னால் காய்ந்த மணலை விட்டால் அது நொருங்கிப் படலத்தைக் கிழிக்கும். மாதிரியில் மணல் விழுந்த துண்டின் குணகத்தை உயர்த்தினால் போதும், ஆனால் மணல் விழும் அச்சுக்குப் பின்னால் வருபவற்றுக்கு மட்டும். ஈரமான மணல் குழாயை அடைக்கும். அளவுக்கு மிஞ்சிக் கொட்டினால் தண்டவாளத்தால் போகும் சிக்னல் மின்சாரம் சில்லை எட்டாமல், அங்கே ரயில் நிற்பதே சிக்னலுக்குத் தெரியாமற் போகலாம்.

தம்பி, ரயில் தூரத்தில் தெரியுது, கடவையால டக்கெண்டு போயிடலாம்தானே? சாரதி எங்களைக் கண்டா பிறேக் போடுவார்தானே?

அம்மா, இதைக் கேட்டதற்கு நன்றி. 100 கி.மீ. வேகத்தில் வரும் ரயில் 500 மீற்றரை 18 செக்கனில் தாண்டும். பெட்டி பூட்டிய லாண்ட்மாஸ்டர் தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட்டதை 500 மீற்றரில் சாரதி கண்டு உடனே பிறேக் போட்டாலும், காய்ந்த தண்டவாளத்திலேயே கடவையில் வேகம் மணிக்கு 49 கி.மீ. இருக்கும். பனி இறங்கிய காலையில் குணகம் 0.03 என்றால் 83 கி.மீ. சாரதி செய்யக் கூடியதெல்லாம் செய்த பிறகு மிஞ்சும் வேகம் இது. மாரியில் வயலும் தரவையும் நீர் பிடிக்க, மாடுகள் உயரமான ரயில் மேட்டில் வந்து படுப்பதும் இப்படித்தான் முடிகிறது. காவலாளி இல்லாத கடவையில் ரயில் தெரிந்தால் நின்றுவிடுங்கள், அம்மா.

உண்மையான அளவீடு எப்படி எடுப்பது?

தண்டவாளத்தில் இறங்கி எதையும் அளக்கப் போக வேண்டாம். பயணியாக உள்ளே இருந்தே நல்ல தரவு எடுக்கலாம். ஃபைஃபொக்ஸ் என்ற இலவசச் செயலியைக் கைபேசியில் போட்டு, ரயில் போகும் திசைக்கு நேராகக் கைபேசியைத் தரையில் அசையாமல் வைத்து, நிலையத்தில் நிற்பதற்காக வேகம் குறையத் தொடங்கியதிலிருந்து நிற்கும்வரை ஆர்முடுகலைப் பதியுங்கள். ஜிபிஎஸ் வேகத்தையும் சேர்த்துப் பதிந்தால் ஒன்றை மற்றதால் சரிபார்க்கலாம். கிடைப்பது சாரதி கேட்ட அமர்முடுகல், தண்டவாளத்தின் குணகம் அல்ல. 0.5 பதிவானால் அந்த இடத்தில் குறைந்தது 0.05 பிடிமானம் இருந்தது என்று மட்டும் சொல்லலாம். ஓமந்தை, புளியங்குளம், பரந்தன் என்று ஏதாவது ஒரே நிலையத்தைப் பல நாள், பல காலநிலையில் பதிந்தால் ஒப்பிடச் சுலபம். திகதி, நேரம், பனியா தூறலா மழையா என்பதையும் எழுதிவையுங்கள்.

ஓபன் ரெயில்ஸ் போன்ற ஆயத்தச் சிமுலேற்றர் போதாதா?

ஓட்டிப் பார்க்க மிக நல்லது. இலவசம், வெற்றிட பிறேக், காற்று பிறேக் இரண்டும் உண்டு, காலநிலையோடு பிடிமானமும் மாறும். சில்லுக்கு என்ன நடக்கிறது என்று அறிய வேண்டுமானால் சொந்தமாக எழுதுங்கள். எக்செல்லில் ஓர் அச்சு, ஒரு தண்டவாளம் என்று தொடங்கி, 551 மீற்றர் விடை வருகிறதா என்று முதலில் பாருங்கள். அது வந்த பிறகு பைதனுக்கு மாறி, சில்லின் கோண வேகத்தைச் சேருங்கள், மூன்றரைச் செக்கனில் இறுக வேண்டும். அதற்குப் பிறகு இரண்டாவது அச்சு.